சரிவு நாட்டின் சமதளங்கள்

அகத்தியர்கூடத்தின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அந்த மலைகளில் பிறக்கும் நெய்யாறு கடலில் சேருவது பூவாறில். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். அவ்வளவு உயரத்தையும் நிலம் இந்தக் குறுகிய தூரத்துக்குள் இறங்கித் தீர்க்கிறது. சராசரியாக 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். கேரள-தமிழ்நாடு எல்லையோர ஊர்களான நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, களியக்காவிளை எல்லாம் இந்தச் சரிவின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. ஒரு மேட்டுவிளை ஏறினால் தென்னையும் மரவள்ளியும், இறங்கினால் தோடு என்னும் சிற்றோடை, அதையொட்டி வயல், மறுபடி ஏற்றம். பத்து நிமிடம் சைக்கிள் மிதித்தவர்கள் யாரும் இதைச் சமவெளி என்று சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் இங்குள்ளவர்களின் அன்றாட வாழ்க்கை முழுக்கத் தட்டையான பொருள்களையும் மட்டமான இடங்களையும் நம்பித்தான் நடக்கிறது. நாற்று நடும் ஏலா, வீட்டுத் தரை, ரயில் நடைமேடை, கால்வாய், தோசைக்கல், பாலராமபுரம் வேட்டி, விருந்துக்கு விரிக்கும் வாழை இலை, முகம் பார்க்கும் கண்ணாடி, பொழியூர்க் கடற்கரையில் நின்றால் தெரியும் கடல் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் தானாகத் தட்டையாகிவிடவில்லை. நீரோ, கையோ, உயிரோ பாடுபட்டு அதைத் தட்டையாக்கி வைத்திருக்கிறது. ஒன்று சமம் என்பதற்கான அளவுகோல் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் இல்லை. இந்த இரண்டும் எப்படி என்று பார்ப்போம்.

நீர் அளந்து கொடுத்த வயல்

இரண்டு மேடுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் வயல்வெளியை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏலா என்றே சொல்கிறார்கள். மழை மேட்டிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வரும். சரிவு குறையும் இடத்தில் ஓட்டத்தின் வேகம் குறையும். வேகம் குறைந்த நீரால் மண்ணைத் தூக்கிச் செல்ல முடியாது, அங்கேயே இறக்கிவிடும். பள்ளம்தான் முதலில் நிரம்பும். இப்படிப் பல்லாயிரம் மழைக்காலங்கள் சேர்ந்து பள்ளத்தாக்கின் அடியை ஓரளவு சமமாக்கி வைத்தன. மீதியை மனிதர்கள் செய்தார்கள். குறுக்கே வரப்பு போட்டு, ஏலாவைப் படிப்படியாக இறங்கும் பாத்திகளாகப் பிரித்தார்கள்.

நெல்லுக்கு நிலம் அவ்வளவு சமமாக ஏன் இருக்க வேண்டும்? நட்ட வயலில் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை 10 சென்டிமீட்டர் மேடாக இருந்தால் அந்த மூலை வெயிலில் காயும், களை முளைக்கும். எதிர் மூலை அவ்வளவு பள்ளமாக இருந்தால் இளநாற்று நீரில் மூழ்கி அழுகும். விரற்கடை அளவு பிசகுகூட விளைச்சலில் தெரியும்.

அந்தச் சமத்தை அளக்க உழவர் எந்தக் கருவியும் எடுத்து வருவதில்லை, நீரையே கருவியாக்குகிறார். தொளியாக உழுத வயலில் நீர் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறார். நீருக்கு மேலே தலை காட்டும் சேறெல்லாம் மேடு, கண்ணாடிபோல் மின்னும் இடமெல்லாம் பள்ளம். மண்வெட்டியால் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, மாடுகளுக்குப் பின்னால் பரம்புப் பலகையை இழுக்கிறார். நீரில் ஊறிக் குழைந்த மண்துகள்களுக்கு ஒன்றையொன்று பிடித்து நிற்கும் வலு இல்லை. பலகை தள்ளிய பக்கம் ஓடிப் பரவி அடங்குகின்றன. கேரளத்தில் அறுவடை முடிந்த வயல்களில் மாடுகளை ஓட்டிப் போட்டியாக நடத்திய மரமடி இந்த வேலையிலிருந்து பிறந்த விளையாட்டுதான். ஆண்டுக்காண்டு உழுது மிதித்ததில் ஏர்முனைக்குக் கீழே மண் இறுகி ஒரு கெட்டியான தளமும் உருவாகிவிடும். அது நீரைச் சட்டென்று கீழே இறங்கவிடாமல் தாங்கி நிற்கும். ஆக, கண்ணுக்குத் தெரிகிற சமதளத்துக்கு அடியில் தெரியாத இன்னொரு சமதளமும் இருக்கிறது.

கொத்தனாரின் ட்யூப்

வீடு கட்டும் இடத்திலும் இதே நீர்தான் நடுவர். நீளமான ட்யூபில் நீர் நிரப்பி, ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடிக்கிறார்கள். வீட்டைச் சுற்றி எத்தனை வளைவு திரும்பினாலும், நடுவில் சுவரே இருந்தாலும், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ஒரு பக்கம் உயர்ந்தால் அந்தப் பக்கத்து நீரின் எடை அழுத்தி, சமமாகும்வரை மறுபக்கம் தள்ளும். ட்யூபுக்குள் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் கணக்கு தப்பும். அதனால்தான் அனுபவமுள்ள கொத்தனார் முதலில் ட்யூபைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றுவார்.

அவர் பையில் இருக்கும் ரசமட்டத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். குமிழி ஓடும் அந்தச் சின்னக் குழாய் நேராக இருக்காது, நடுப்பகுதி மிக மெல்ல மேல்நோக்கி வளைந்திருக்கும். குழாய் நேராக இருந்தால் கடுகளவு சாய்ந்தாலும் குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் நின்றுவிடும். எவ்வளவு சாய்வு என்று தெரியாது. வளைவு இருப்பதால்தான் குமிழி அந்தந்தச் சாய்வில் எது உச்சமோ அந்த இடத்தில் நிற்கிறது. வளைவு மெலிதாக ஆக ஆகக் கருவியின் நுட்பம் கூடும். தரை மட்டமா என்று சொல்லும் கருவிக்கு உயிர் கொடுப்பது அதற்குள் இருக்கும் வளைவு.

இவ்வளவு மெனக்கெட்டு மட்டம் பார்க்கும் கொத்தனார் சில இடங்களில் வேண்டுமென்றே மட்டத்தை விட்டுக்கொடுப்பார். குளியலறைத் தரையை நீர்ப்போக்கியை நோக்கிச் சரிப்பார். இங்கே ஆண்டுக்கு இரண்டு பருவமழை. மொட்டைமாடி உண்மையிலேயே மட்டமாக இருந்தால் மழைநீர் அங்கேயே தேங்கி கான்கிரீட்டுக்குள் இறங்கிவிடும். அதனால் மாடித் தளத்துக்கு ஏறத்தாழ 100-க்கு 1 என்ற கணக்கில் ஒரு வாட்டம் கொடுப்பார்கள். திருவனந்தபுரம் சாலையோரம் உயர்ந்து நிற்கும் ஃபிளாட்டுகளின் உச்சியும் இப்படித்தான்: கீழிருந்து பார்த்தால் தட்டை, மேலே ஊற்றிய நீருக்குச் சரிவு.

உருளாத ரயிலும் ஓடும் கால்வாயும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். அந்தப் பாதையில் கேரளத்தின் கடைசிப் பெரிய நிலையம் பாறசாலை. மேடும் பள்ளமுமான இந்த நாட்டில் ரயில் விட வேண்டுமானால் மேட்டை வெட்ட வேண்டும், பள்ளத்தில் கரை எழுப்ப வேண்டும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதுதான் ரயிலின் பலம், பலவீனமும் அதுவே. சாலையில் இருந்தால் நம் கண்ணுக்கே தெரியாத சரிவில்கூட நிறுத்திய ரயில் பெட்டி தானாக உருளத் தொடங்கலாம். அதனால் நிலைய வளாகத்தில் 400 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் சரிவு கூடாது என்பது இந்திய ரயில்வேயின் விதி. 1,200-க்கு 1 என்ற அளவில் இருப்பதே நல்லது என்பது பரிந்துரை. நல்லது என்று சொல்லும் அந்த அளவிலேயே 500 மீட்டர் நடைமேடையின் இரு முனைகளுக்கும் 40 சென்டிமீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் வந்துவிடும். விதி அனுமதிக்கும் எல்லை வரை போனால் 1.25 மீட்டர், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் பயணிக்கு அது தெரியவே தெரியாது.

கால்வாயின் தேவை வேறு. அங்கே நீர் நகர வேண்டும், ஆனால் பாயக் கூடாது. வேகம் கூடினால் கரை அரிக்கும்; குறைந்தால் வண்டல் படிந்து புல் மண்டும். பெரிய பாசனக் கால்வாய்க்குக் கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டர் இறக்கம் போதும். நெய்யாறு அணை கட்டப்பட்டது 1958-இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1956 நவம்பர் 1 அன்று, விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணையின் இடதுகரைக் கால்வாயோ நிலத்தின் வாட்டத்தைப் பின்பற்றிப் புதிய எல்லையைக் கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் நீட்டப்பட்டது. 2004-இல் அந்த நீர் தமிழ்நாட்டுப் பக்கம் வருவது நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சரிவு அனுமதித்த நீருக்குச் சட்டத்தின் அனுமதியும் வேண்டியிருக்கிறது.

கால்வாய்க்கு உயரம் எவ்வளவு பெரிய சொத்து என்று கண்ணால் காண வேண்டுமானால் திருவட்டாறு அருகே மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போக வேண்டும். 1966-இல் கட்டப்பட்ட இது, பரளியாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே 115 அடி உயரத்தில் 28 தூண்கள் மீது நீரைக் கொண்டுபோகிறது. பள்ளத்தில் இறங்கிவிட்ட நீர் தன் பலத்தால் மறுபக்க மேட்டில் ஏறாது. ஒரு மலைத்தோளில் இருந்த மட்டத்தைச் சிதறவிடாமல் எதிர் மலைத்தோளில் கொண்டுசேர்ப்பதற்காகவே அந்த உயரமும் அந்தத் தூண்களும். அங்கே சுமக்கப்படுவது நீர் மட்டுமல்ல, நீரின் மட்டமும்தான்.

மட்டமான கடல், தட்டையல்ல

நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயரோடு கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஒரு எண்ணும் இருக்கும். அந்தக் கடல் மட்டத்தை எங்கே அளந்தார்கள்? 1858-க்கும் 1909-க்கும் இடையே நடந்த பெரும் நில அளவையில், சென்னை, நாகப்பட்டினம், கொச்சி, பேப்பூர், மும்பை, கராச்சி உள்ளிட்ட 9 துறைமுகங்களில் ஏற்ற இறக்கத்தை நெடுங்காலம் குறித்து, சராசரி எடுத்து, அதைச் சுழியம் என்று வைத்துக்கொண்டார்கள். நாட்டின் உயரக் கணக்குகள் எல்லாம் அந்தச் சுழியத்தில்தான் நிற்கின்றன.

ஆனால் அந்தக் கடல் தட்டையா? பொழியூரில் மணலில் நின்று பார்க்கும் ஒருவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் சுமார் 4.4 கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடும். அதைத் தாண்டிப் போகும் படகின் அடிப்பகுதி முதலில் மறையும். பூமியின் வளைவு முதல் கிலோமீட்டருக்கு 8 சென்டிமீட்டர். கொத்தனாரின் 10 மீட்டர் ட்யூபில் அதே வளைவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் அவர் பூமி உருண்டை என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் வீடு கட்டலாம்.

உருண்டை என்பதோடும் விஷயம் முடிவதில்லை. பூமியை ஒழுங்கான, துருவங்களில் சற்றுத் தட்டையான கோளமாகக் கணக்கிட்டு, அதோடு உண்மையான கடல்பரப்பை ஒப்பிட்டால், உலகிலேயே மிக ஆழமான தாழ்வு நமக்குத் தெற்கே, இலங்கைக்கும் அப்பால் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்பரப்பு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. 1948-இல் டச்சுப் புவியியற்பியலாளர் ஃபெலிக்ஸ் வெனிங் மைனஸ் கப்பலில் ஈர்ப்பை அளந்தபோது இது தெரியவந்தது. அதன் விளிம்பு நம் கரைக்கும் எட்டுகிறது. தென்கேரளத்திலும் குமரியிலும் கடல்பரப்பே அந்தக் கணக்குக் கோளத்துக்கு 90 மீட்டருக்கும் மேல் கீழே உள்ளது. ஜிபிஎஸ் கருவி தரும் உயரத்தைத் திருத்தாமல் அப்படியே படித்தால், பூவாறு கடற்கரையில் நிற்பவர் கடலுக்கடியில் இருப்பதாகக் காட்டுவது இதனால்தான்.

காரணம், அந்தப் பகுதிக்குக் கீழே பூமியின் ஆழத்தில் நிறை குறைவு. நிறை குறைந்தால் ஈர்ப்பு குறையும்; நீர் ஈர்ப்பு அதிகமுள்ள பக்கம் இழுக்கப்பட்டு இங்கே தாழும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேவாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 14 கோடி ஆண்டுகளின் கண்டநகர்வைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்து, 2023-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். பழைய டெத்திஸ் கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்துபோனதும், அதன் விளைவாக ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து சூடான, எடை குறைந்த பொருள் இந்தப் பக்கம் எழுந்து வந்ததும்தான் காரணம் என்றார்கள்.

அவ்வளவு பெரிய பள்ளத்தில் கப்பல் சறுக்கி விழாதா? விழாது. அங்கே எந்த இடத்தில் ரசமட்டம் வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும், ஏனென்றால் ஈர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறதோ அதற்குச் செங்குத்தாகவே நீர் படுத்திருக்கிறது. ஈர்ப்புக்குச் சமமாக இருப்பது வேறு, நேர்கோட்டுக்குச் சமமாக இருப்பது வேறு. கடல் மட்டமானது, ஆனால் தட்டையானது அல்ல.

ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு தட்டை

ஈர்ப்போடு தொடர்பில்லாத, நேர்கோட்டுக்குச் சமமான தட்டைப்பரப்பை எப்படிச் செய்வது? ஒரு பலகை தட்டையா என்று பார்க்க இன்னொரு தட்டைப்பலகை வேண்டும். முதல் பலகையை எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? இரண்டு கற்களை ஒன்றன்மீது ஒன்று தேய்த்தால் போதாது. மேல்கல் குழிந்தும் கீழ்க்கல் குவிந்தும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். தொலைநோக்கி ஆடி தேய்ப்பவர்கள் குழிவை உருவாக்குவதே இப்படித்தான். 1840-இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் எடுத்துச்சொன்ன வழி மூன்று பலகைகள். முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாறி மாறிப் பொருத்தி, இடிக்கும் மேடுகளைச் சுரண்ட வேண்டும். ஒரு குவிவும் ஒரு குழிவும் பொருந்தலாம். ஆனால் மூன்றும் எந்த ஜோடியாக, எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்த வேண்டுமானால், மூன்றும் தட்டையாக இருப்பதைத் தவிர வழியில்லை. எந்த முன்மாதிரியும் இல்லாமல் தட்டை பிறந்துவிடுகிறது. இன்றைய எந்திரத் தொழில் முழுக்க அந்தப் பிறப்பின் வாரிசு.

அடுத்த படி ஒளியின் அளவுகோல். கேரளத்தின் உலோகக் கண்ணாடியான ஆறன்முளைக் கண்ணாடி செய்யும் கைவினைக் குடும்பங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது மரபுச் செய்தி. செம்போடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த அந்த உலோகத்தை நாள்கணக்கில் தேய்க்கிறார்கள். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. பரப்பின் மேடுபள்ளம் அதைவிடவும் மிகச் சிறிதானால்தான் ஒளி சிதறாமல் திரும்பி முகமாகத் தெரியும். ஏலாவின் பிசகை விரலால் அளக்கலாம். இந்தப் பிசகை ஒளிதான் அளக்க முடியும்.

உயிருள்ள தட்டையும் உண்டு. வாழைக் குருத்து சுருளாக வந்து விரிந்து, ஆள்நீளத்துக்குத் தட்டையாக நிற்பதை இயல்பென்றே எடுத்துக்கொள்கிறோம். இலையின் விளிம்பு நடுவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தால் ஓரம் அலையலையாக நெளியும். குறைவாக வளர்ந்தால் கிண்ணமாகக் குவியும். இரண்டும் கணக்காகப் பொருந்தினால் மட்டுமே தட்டை. உத்பல் நாத், என்ரிகோ கோயன் உள்ளிட்டோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்நாப்டிராகன் பூச்செடியில் ஒரே ஒரு மரபணு பழுதானால் இலை நெளிந்துபோவதைக் காட்டினார்கள். தட்டையாக இருக்கச் செடிக்கு ஒரு கட்டளை தேவைப்படுகிறது. பாலராமபுரத்தின் குழித்தறியிலும் கணக்கு இதுவே. பாவு நூல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இழுவிசை வேண்டும். சில நூல் தளர்ந்தால் நெசவு முடிந்து இறக்கும்போது துணி அந்த இடத்தில் உப்பும்.

எல்லாவற்றிலும் மெல்லிய தட்டை இந்த மண்ணின் பாறைக்குள்ளேயே இருக்கிறது. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே வெள்ளநாடு பகுதியில் கிராஃபைட் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரில் அதைத் தோண்டியெடுத்தார்கள். பென்சில் குச்சியில் இருப்பதும் அதுதான். கரியணுக்கள் தாள்தாளாக அடுக்கப்பட்ட பொருள் அது: ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 30 லட்சம் தாள்கள். 2004-இல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் உரித்து உரித்து ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு வந்தது. ஓர் அணு தடிமனுள்ள அந்தக் கிராஃபீனாவது முழுத் தட்டையா? எதன்மீதும் ஒட்டாமல் தொங்கவிட்டபோது அதிலும் ஒரு நானோமீட்டர் அளவுக்கு மடிப்புகள் இருப்பதை 2007-இல் கண்டார்கள். வெப்பம் இருக்கும்வரை அணுக்கள் அசையும், அசைவிருக்கும்வரை முழுத் தட்டை இல்லை.

எந்தச் சமதளம் நமக்கு வேண்டும்

ஆக, எதையும் தட்டை என்று சொல்லும்போது எந்த அளவுகோலில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதல்ல, எல்லையோர ஊர்களில் இன்று நடப்பதற்கும் பொருந்தும். மேட்டுவிளையை இயந்திரத்தால் வெட்டி வீட்டுமனை ஆக்குகிறார்கள். வெட்டிய செம்மண் லாரியில் ஏறி ஏலாவுக்குப் போய் அதையும் மனையாக்குகிறது. கேரளத்தில் 1970-களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெற்பரப்பு இன்று சுமார் 2 லட்சம். 2008-இல் நெல்வயலையும் சதுப்புநிலத்தையும் காக்கச் சட்டமே போட வேண்டிவந்தது. குமரிப் பக்கத்திலும் வயல் வாழைத்தோட்டமாகி, பிறகு மனையாகும் கதை எல்லோருக்கும் தெரிந்தது.

கொத்தனாரின் ட்யூபை வைத்தால் நிரப்பிய மனையும் மட்டம், பழைய ஏலாவும் மட்டம். மழைக்கு அப்படியில்லை. 20-க்கு 1 சரிவில் 10 சென்டிமீட்டர் வரப்பு போட்டால் அதற்குப் பின்னால் 2 மீட்டர் அகலத்துக்குத்தான் நீர் நிற்கும். அதே வரப்பைச் சமமான வயலைச் சுற்றிப் போட்டால் வயல் முழுக்க நிற்கும். ஒரு ஏக்கருக்கு நான்கு லட்சம் லிட்டர். அது மெல்ல மெல்ல மண்ணுக்குள் ஊறும். மேட்டிலிருந்து வரும் வெள்ளத்தின் வேகத்தை அடக்கும். கோடையிலும் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரைப் பிடித்து வைக்கும். மண் கொட்டி உயர்த்தி, கல் பாவி, வாட்டம் கொடுத்த மனை அந்த நீரைத் தாங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது.

இந்தச் சரிவு நாட்டில் ஏலாவைப் போன்ற ஒரு சமதளத்தை உருவாக்க மழை பல்லாயிரம் ஆண்டுகள் மண் கொட்டியது. பல தலைமுறை உழவர்கள் நீரை நிறுத்திப் பார்த்து, விரற்கடை விரற்கடையாக மண் இழுத்தார்கள். நிரப்பிய மண்ணை மறுபடி அள்ளிவிடலாம். அடியில் இறுகிய அந்தத் தளத்தையும் பாத்திக்குப் பாத்தி இறங்கும் அந்தக் கணக்கையும் அள்ளிக்கொண்டுவர முடியாது. மீதமிருக்கும் ஏலாக்களை நெல்லுக்காக மட்டுமல்ல, நீருக்காகவும் காப்பாற்ற வேண்டும். இங்கே மனிதர் செய்த சமதளங்களில் மழையையே பிடித்து நிறுத்தத் தெரிந்தது ஏலா ஒன்றுதான்.